மூன்றாம் மாடியில் ஆன்ட்டி, ஐந்தாம் மாடியில் அம்மா

ஒருவர் வேலைக்காகத் தங்கள் நாட்டுக்கு வரவேண்டுமென்றால் இரண்டு விஷயங்களை நிரூபித்துவிட்டு வரட்டும் என்று அந்த நாடு முடிவு செய்திருந்தது. ஒன்று, அவருக்கு இங்கே எந்தப் பிடிப்பும் கிடையாது. ஆகவே பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு மூட்டுவலி என்று பாதியில் வேலையை விட்டு ஓடி வரமாட்டார். இரண்டு, அவருக்கு இங்கே எக்கச்சக்கமான பிடிப்பு உண்டு. ஆகவே ஒப்பந்தம் முடிந்த மறுநாளே ஓடி வந்துவிடுவார். முதலாவதை அவர்கள் அலுவலகத்தின் மூன்றாம் மாடியிலும், இரண்டாவதை ஐந்தாம் மாடியிலும் நிரூபிக்க வேண்டும். நான்காம் மாடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டும் முட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் காலியாக விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் மாடிக்குப் பற்றின்மைப் பிரிவு என்று பெயர். ஐந்தாம் மாடிக்குப் பற்றுறுதிப் பிரிவு. முனிவர்கள் காட்டுக்குப் போய், உடம்பைப் புற்று மூடும்வரை உட்கார்ந்து சம்பாதித்த பற்றின்மையை, இங்கே டோக்கன் எடுத்துக்கொண்டு, நம்பரைக் கூப்பிடுவதற்குள் சம்பாதித்துவிட வேண்டும். பிறகு இரண்டு மாடி ஏறி அதைத் தொலைத்துவிட வேண்டும்.

இந்த மாடிகளில் ஏறத் துணிந்தவள் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவள். நோயாளிகள் அவளை ஊசியக்கா என்று கூப்பிடுவார்கள். நரம்பே தெரியாத கையிலும் விரலால் இரண்டு தட்டுத் தட்டி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுத்துவிடுவாள். பக்கத்தில் பிள்ளை அலறினாலும், பிள்ளையைப் பெற்றவள் அலறினாலும், ஊசி உள்ளே இருக்கும்வரை அவள் தலை திரும்பாது. அது தொழில் பழக்கம். மற்றபடி அவள் பயந்த சுபாவம். தபால்காரர் மணி அடித்தால்கூட யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று நினைப்பாள்.

இப்போது பயப்படக் காரணமும் இருந்தது. ரத்தம் எடுக்கும் வேலையை ஆஸ்பத்திரி ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டது; கம்பெனி தன் ஆட்களைக் கொண்டுவருகிறது. அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். பள்ளிக்கூடம் வேனை நிறுத்திவிட்டது. வீட்டுக்குச் சொந்தக்காரர் தினமும் வாசலில் வந்து நின்று, ஒன்றும் கேட்காமல், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போகிறார். இந்த நேரத்தில் கடல் தாண்டி அந்த நாட்டில் இருந்த ஓர் ஆஸ்பத்திரி அவளுக்கு வேலை தருகிறேன் என்றது. மூன்று வருட ஒப்பந்தம். மாதம் முடிவதற்குள் அனுமதி வாங்கிவிட வேண்டும்.

அவர்களுக்கு நாலு வயதில் ஒரு பெண். அவள் செய்த சேட்டைக்கு எல்லோரும் வாலு என்றே கூப்பிட்டார்கள். அனுமதி கிடைக்காவிட்டால் வீடு போய்விடும். கிடைத்துவிட்டால் வாலுவின் நாலு வயதிலிருந்து ஏழு வயது வரை போய்விடும். ஊசியக்கா கிடைக்காதோ என்று காலையில் பயந்தாள், கிடைத்துவிடுமோ என்று சாயங்காலம் பயந்தாள். நடுவில் ரத்தம் எடுத்தாள்.

தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே ஆளிடம் போகச் சொன்னார்கள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறையில் பயிற்சி வகுப்பு நடத்திவந்த ஸ்டாம்பு அண்ணன். அந்த நாட்டுக்குப் போகப் பலமுறை விண்ணப்பித்து, ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணத்துக்காக நிராகரிக்கப்பட்டவர். இவ்வளவு அனுபவம் வேறு யாருக்கும் கிடையாது என்பதால் ஊரே அவரிடம் படித்தது. பழைய பாங்க் ஒன்றின் கவுன்ட்டர் கம்பியை வாங்கிவந்து அறையின் நடுவே நிறுத்தியிருந்தார். அதற்குப் பின்னால் உட்கார்ந்து முறைப்பார். அதுதான் பயிற்சி.

"முதல் பாடம், பயப்படக் கூடாது" என்றார் ஸ்டாம்பு அண்ணன். "பயந்தா எதையோ மறைக்கிறீங்கன்னு எழுதுவாங்க."

"சரிங்கண்ணே."

"பயப்படாமயும் இருக்கக் கூடாது. திமிருன்னு எழுதுவாங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பயம் இருக்கு. அதைத்தான் பழகணும். எங்க, பயப்படுங்க பாப்போம்."

ஊசியக்கா பயந்தாள்.

"இது ரொம்ப நிஜமா இருக்கே" என்று முகத்தைச் சுளித்தார் அவர். "கொஞ்சம் குறைங்க."

அவளால் குறைக்க முடியவில்லை. அதைப் பார்த்து அவள் கணவரும் பயந்தார். வாலு மட்டும் கம்பிக்குள் தலையை விட்டுவிட்டு எடுக்கத் தெரியாமல் நின்றாள். அவளை வெளியே இழுத்தபிறகு இரண்டாம் பாடம் தொடங்கியது.

"வீட்ல இருக்கிற எல்லாரையும் கூட்டிட்டு வரச் சொல்வாங்க. மூணாவது மாடியில பாப்பாவைக் கூப்பிட்டு, இது யாருன்னு உங்களைக் காட்டிக் கேப்பாங்க. அம்மான்னு சொல்லிட்டான்னு வைங்க, முடிஞ்சுது. பற்று இருக்குன்னு விண்ணப்பத்தைத் தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க. ஆன்ட்டின்னு சொல்லணும். அஞ்சாவது மாடியில அதே கேள்வி. அங்க அம்மான்னு கட்டிப் பிடிச்சுக்கணும்."

"எங்க பொண்ணுதான்னு பேப்பர்ல இருக்கேங்க" என்றார் கணவர்.

"அது அவங்களுக்கும் தெரியும். பேப்பர்ல இருக்கலாம் சார், மனசுல இருக்கக் கூடாது. மூணாவது மாடில மட்டும்."

"குழந்தையைப் பொய் சொல்ல வைக்கிறதாண்ணே?" என்று ஊசியக்கா மெதுவாகக் கேட்டாள். ஆஸ்பத்திரியில் எந்தப் பிள்ளையிடமும் வலிக்காது என்று அவள் சொன்னதில்லை. வலிக்காது என்று சொல்லிக் குத்தினால் அந்தப் பிள்ளை அதற்கப்புறம் யாரையும் நம்பாது என்பது அவள் அனுபவம்.

"பொய்னு யாரு சொன்னா? அந்தந்த மாடிக்கு அந்தந்த உண்மை."

அன்றிலிருந்து வீட்டில் ஒத்திகை நடந்தது. சமையலறை மூன்றாம் மாடி, படுக்கையறை ஐந்தாம் மாடி. கணவர் நிலைப்படிகளில் சாக்கட்டியால் பெரிதாக 3, 5 என்று எழுதினார். மூன்று என்றால் வாயைப் பிளந்த காக்கா, ஐந்து என்றால் தொப்பி வைத்த தொப்பைக்காரன் என்று அடையாளமும் சொல்லிக்கொடுத்தார். வாலுவுக்கு இது பிரமாதமான விளையாட்டாகப் போய்விட்டது. படுக்கையறையிலிருந்து "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடி வருவாள். சமையலறை நிலைப்படியைத் தாண்டியதும் சட்டென்று நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "ஆன்ட்டி, கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?" என்பாள்.

"பொண்ணு கெட்டிக்காரிடீ" என்று கணவர் கை தட்டினார். "வேனை விட்டப்புறம் இப்பத்தான் எனக்குச் சிரிப்பு வருது."

ஊசியக்கா தண்ணீர் கொடுத்தாள். பிள்ளை அவளை 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மரியாதை தெரிந்த பிள்ளை என்று சந்தோஷப்பட வேண்டியவள், அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நாள் போகப் போக அவள் சமையலறைக்குப் போவதையே தள்ளிப்போட ஆரம்பித்தாள். சோறு தாமதமானது.

இடையில் மருத்துவப் பரிசோதனை வந்தது. அந்த நாட்டுக்கு நோய் எதுவும் போய்விடக் கூடாது; அங்கே போதுமானது இருக்கிறதாம். ஊசியக்கா கையை நீட்டினாள். எதிரே இருந்த பெண் தட்டினாள், தடவினாள், ரப்பரை இறுக்கினாள். ஊர் முழுக்க நரம்பு தேடிக் கண்டுபிடித்தவளின் கையில் நரம்பு இல்லை. பயந்த உடம்பில் ரத்தம் உள்ளே ஓடி ஒளிந்துகொள்ளும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்ததால் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. நாலு இடத்தில் குத்தியபிறகு ஒரு வழியாக வந்தது. அறிக்கையில், 'ரத்தம் தயங்கி வந்தது. ரத்தத்தில் குறை இல்லை' என்று எழுதினார்கள்.

மூன்றாம் மாடிக்கு நாள் குறித்தார்கள். லிப்ட் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு 3 என்று எழுதியிருந்தது. வாலு அதைப் பார்த்ததும், "காக்கா!" என்றாள். உடனே அம்மாவின் கையை விட்டுவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை. ஊசியக்கா காலியான கையைக் கைப்பைக்குள் விட்டு, இல்லாத எதையோ தேடினாள்.

அதிகாரி பருத்த, சாந்தமான மனிதர். மேஜையில் தூசி இல்லை.

"உக்காருங்கம்மா. இந்த ஆபீசுக்கு இதயமே இல்லைன்னு வெளியில பேசிக்கிறாங்க. தப்பு. இதயம் அஞ்சாவது மாடியில இருக்கு. முறைப்படி அங்க போய்ப் பாத்துக்கலாம். இங்க அதைக் கொண்டுவந்து என் நேரத்தை வீணாக்காதீங்க."

"சரிங்க சார்."

"பாப்பா, இது யாரு?"

"ஆன்ட்டி" என்றாள் வாலு, மணி அடித்தாற்போல.

"நல்ல பாப்பா." அவர் ஒரு டிக் போட்டார். "இப்ப செயல்முறைத் தேர்வு. பாப்பா கண்ணாடி அறைக்குள்ள அழும். நீங்க அந்தப் பக்கம் திரும்பாம, அடித்தல் திருத்தல் இல்லாம இந்தப் படிவத்தை நிரப்பணும்."

"அவ எதுக்குங்க சார் அழப்போறா?" என்றார் கணவர்.

"அதுக்குத்தான் ஆள் போட்டிருக்கோம்."

ஆள் வந்தார். மெலிந்து, முடியைப் படிய வாரி, கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டிருந்தார். அட்டையில் 'அழவைக்கும் உதவியாளர்' என்று போட்டிருந்தது. கணவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "இப்ப நிரந்தரம் பண்ணிட்டாங்க சார்" என்று அடக்கமாகச் சொன்னார். "முன்னாடி தினக்கூலிக்கு அழவைச்சிட்டிருந்தேன்."

அவர் வாலுவைக் கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போய்க் குனிந்து காதில் ஏதோ சொன்னார். கிள்ளவில்லை, மிரட்டவில்லை. ஒரே ஒரு வாக்கியம். வாலுவின் முகம் மெல்லக் கோணியது. பிறகு அவள் அழுத அழுகை கண்ணாடியைத் தாண்டி வந்தது. விளையாட்டில் விழுந்த அழுகை இல்லை அது. ஊசியக்கா இதுவரை கேட்டிராத அழுகை.

அவள் பேனாவை எடுத்தாள். தலை திரும்பவில்லை. பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி. காது கண்ணாடி அறையிலேயே இருந்தது. கை மட்டும் ஆஸ்பத்திரியில் இருப்பதுபோல் தன்பாட்டுக்கு முத்து முத்தாக எழுதியது. கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டபிறகுதான் தன் கை ஒருமுறைகூட நடுங்கவில்லை என்பதைக் கவனித்தாள். இப்படி ஒரு கையை வைத்துக்கொண்டு நான் என்ன பிறவி என்று அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது.

அதிகாரி படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஒரு சுழி பிசகலியே! என் சர்வீஸ்ல இப்படி ஒரு தாயை நான் பாத்ததில்லம்மா." அவர் குரல் நெகிழ்ந்தது. பாராட்டுக் குறிப்பு ஒன்று எழுதி, சீல் வைத்தார்.

வெளியே வந்ததும் கணவர், அந்த ஆள் காதில் என்ன சொன்னார் என்று வாலுவிடம் கேட்டார்.

"அம்மா நெஜமாவே போயிடுவாங்கன்னு சொன்னாரு" என்றாள் வாலு. "அது பொய்தானேப்பா?"

பஸ் வந்துவிட்டது. மூவரும் ஏறிக்கொண்டார்கள்.

செய்தி கேட்டு ஸ்டாம்பு அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "பாராட்டு வாங்கினீங்களா? ஐயையோ! பாஸ் பண்ணச் சொன்னா ராங்க் வாங்கிட்டு வந்திருக்கீங்களே! மூணாவது மாடியில எழுதற குறையெல்லாம் மேல போகாதும்மா. பாராட்டு மட்டும் போகும்." அன்று அவர் கம்பிக்குப் பின்னால் உட்காரவில்லை. முறைக்கவும் இல்லை. அது ஊசியக்காவை இன்னும் பயமுறுத்தியது. "அஞ்சாவது மாடியில பாப்பாதான் உங்களைக் காப்பாத்தணும். ஓடி வந்து கட்டிப் பிடிக்கச் சொல்லுங்க. பிடிச்சா உடும்பு மாதிரி இருக்கணும்."

ஐந்தாம் மாடிக்கான நாளில், கட்டடத்தின் வாசலிலேயே ஓர் அறிவிப்புத் தொங்கியது. ஐந்தாம் மாடியில் வெள்ளையடிப்பதால் பற்றுறுதிப் பிரிவு தற்காலிகமாக மூன்றாம் மாடியில் இயங்கும். படித்துவிட்டு ஊசியக்காவும் கணவரும் நல்லதாகப் போயிற்று, தெரிந்த இடம்தானே என்று நினைத்தார்கள். பயந்த மனதுக்கு எதை நினைக்க வேண்டுமோ அது அந்த நேரத்தில் தோன்றாது.

அதே அறை. அதே தூசியில்லாத மேஜை. பெயர்ப்பலகையை மட்டும் திருப்பி வைத்திருந்தார்கள். அதே அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

"வணக்கம் சார்" என்றார் கணவர், பழகிய சிரிப்போடு. "நல்லா இருக்கீங்களா?"

"உங்களை எனக்குத் தெரியாது" என்றார் அதிகாரி. "நீங்க பாத்தது பற்றின்மைப் பிரிவு அதிகாரியை. பற்றுறுதி அதிகாரி லீவுல இருக்கிறதால நான் கூடுதல் பொறுப்புல இருக்கேன். அவர் வேற, நான் வேற." கோப்பைத் திறந்தார். தான் எழுதிய பாராட்டுக் குறிப்பைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் நெற்றி சுருங்கியது. "யாரோ ஒரு அதிகாரி உங்களைப் புகழ்ந்து தள்ளியிருக்காரே. புள்ள கதறும்போது திரும்பிக்கூடப் பாக்கலியாமே! என்னம்மா இது? கல்லா நீங்க?"

ஊசியக்கா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "சார், நீங்கதானே சார் திரும்பக் கூடாதுன்னு..."

"நான் இல்லைன்னு சொன்னேனே. இப்படிப்பட்டவங்க அங்க போனா திரும்பி வருவாங்கன்னு நான் எதை வெச்சு நம்பறது? என் கையெழுத்துக்கு ஒரு மரியாதை இருக்கில்ல?" அவர் பேனாவை மூடி, மேஜைமேல் வைத்தார். அந்த டக் என்ற சத்தத்தில் வீடு, வேலை, வாசலில் வரும் பெருமூச்சு எல்லாம் அவள் கண் முன்னால் வந்து நின்றன. "சரி, பாப்பாவைக் கூப்பிடுங்க. பாப்பா, இது யாரு?"

வாலு முன்னால் வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு திறந்திருந்த கதவு வழியாக லிப்ட் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். அங்கே காக்கா வாயைப் பிளந்துகொண்டிருந்தது. கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஆன்ட்டி."

அதிகாரி எழுதினார்.

"வாலு!" கணவரின் குரல் கிறீச்சிட்டது. "இது அஞ்சாவது மாடிடா கண்ணு! அஞ்சு!"

"இல்லப்பா. மூணு. அங்க எழுதியிருக்கு, பாரு."

"பாப்பா சொல்றது சரிதான்" என்றார் அதிகாரி. "கட்டடப்படி இது மூணு. ஆபீஸ்படி அஞ்சு. குழந்தைங்க கட்டடத்தை நம்புது, என்ன பண்றது? விதிப்படி இன்னொரு தரம் கேக்கணும். பாப்பா, நல்லாப் பாத்துச் சொல்லு. இவங்க உனக்கு யாரு?"

"ஆன்ட்டி" என்றாள் வாலு. இந்த முறை அவள் உதடு துடித்தது. எல்லோருடைய முகமும் ஏன் இப்படி ஆகிவிட்டது என்று அவளுக்குப் புரியவில்லை. படித்த பாடத்தை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி. நீங்க எங்க ஆன்ட்டி. எனக்கு உங்களைத் தெரியாது."

ஊசியக்கா நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் மண்டியிட்டாள். "அம்மாடீ, நான் அம்மாடீ, என்னைப் பாருடீ தங்கம்" என்று பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அனுமதி மறந்துபோனது, மாத முடிவு மறந்துபோனது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, திறந்திருந்த கோப்பில், அன்று தான் நிரப்பிய படிவத்தின்மேல் முகத்தைக் கவிழ்த்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுகிறவர்களைப் போல அழுதாள். அழவைக்கும் உதவியாளர் எட்டிப் பார்த்து, தனக்கு வேலையில்லை என்று தெரிந்து, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அதிகாரி பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு அவள் முகத்துக்கு அடியிலிருந்து படிவத்தை மெல்ல உருவி எடுத்தார். மை கலைந்து, பெயரும் பிறந்த தேதியும் ஒன்றோடொன்று கலந்திருந்தன.

"பிரமாதம்" என்றார். "ஒரு எழுத்துக்கூட உருப்படியா இல்ல. இதைத்தானேம்மா நான் எதிர்பார்த்தேன்." சீலை எடுத்து ஊதினார். "பிரிச்சா இப்படி அழற குடும்பத்தைத்தான் நாங்க பிரிப்போம். அழாத குடும்பத்தைப் பிரிச்சு என்ன பிரயோஜனம்? அவங்க திரும்பி வரமாட்டாங்க. நீங்க வருவீங்க. எனக்குப் பரம திருப்தி. போயிட்டு வாங்க."

சீல் விழுந்தது. கணவர் இரண்டு கையையும் கூப்பி நன்றி சொன்னார். எதற்கு நன்றி சொல்கிறோம் என்று அவருக்கே அந்த நேரத்தில் தெரிந்திருக்காது.

பயணத்துக்கு முந்தின நாள் ஊசியக்கா பெட்டி அடுக்கினாள். கணவர் ஈரத்துணியை எடுத்து நிலைப்படியில் இருந்த 3-ஐத் துடைத்துவிட்டு, 5-ஐத் துடைத்துக்கொண்டிருந்தார். சீல் விழுந்த நாளிலிருந்து வாலு யாரையும் எப்படியும் கூப்பிடவில்லை. வேண்டியதைக் கையால் காட்டினாள். ஊசியக்கா அவளைப் பேசவைக்கப் பயந்தாள். என்ன வார்த்தை வருமோ என்று பயம்.

வாலு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டின்னு சொன்னதுக்கு அந்த மாமா சீல் வெச்சாரு."

"ஆமாடா" என்றாள் ஊசியக்கா, பெட்டியில் ஒரு சேலையை வைத்துக்கொண்டே.

"அம்மான்னு சொல்லியிருந்தாலும் வெச்சிருப்பாரா?"

ஊசியக்கா பிள்ளைகளிடம் பொய் சொல்வதில்லை. "வெச்சிருப்பாரு."

வாலு பெட்டிக்குள் இருந்த சேலையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள், மறுபடி உள்ளே தள்ளினாள்.

"அப்போ நான் என்ன சொன்னா நீ போக மாட்டே?"

கணவரின் கை நிலைப்படியில் அப்படியே நின்றது. ஊசியக்கா அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"சொல்லும்மா" என்றாள் வாலு. "நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்."